அழைக்கும் ஒளியும் விலக்கும் ஒளியும்

ஓர் உயிர் தானே வந்து நம் பயிரைத் தின்னும்போது அதனை விலக்குவது ஒன்று. எங்கோ இருந்த உயிரை நாமே விளக்கு வைத்து வரவழைத்துக் கொல்வது மற்றொன்று. இவ்விரண்டும் அறத்தின் தராசில் ஒரே நிறை உடையனவா? வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழவை வாழ்வாகக் கொண்டிருக்கும் நம் குடும்பங்களுக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கோவை மாவட்டத்துத் தேயிலை மலைகளை முன்வைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் வால்பாறையை அடையலாம். ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் ஆனைமலையின் மடியில் அமைந்த ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே காடு திருத்தித் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் கூட்டமைப்பான உபாசியின் தேயிலை ஆராய்ச்சி நிறுவனமும் அம்மலையிலேயே உள்ளது. தேயிலைச் சரிவுகளுக்கு இடையிடையே இன்றும் மழைக்காட்டுத் துண்டுகள் எஞ்சியிருக்கின்றன. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். தோட்டமும் காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிலம் அது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். நம் வினாவின் விடையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

தேயிலைச் செடியைத் தாக்கும் உயிர்களுள் அந்துப்பூச்சிகளின் புழுக்களும் அடங்கும். தென்னிந்தியத் தோட்டங்களில் இளங்கொழுந்தின் குருத்தையும் இலையையும் ஒட்டிப் பிணைத்து உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று உண்டு. இலையைச் சுருட்டி அதனுள் வாழும் புழு மற்றொன்று. வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்தின் தூவார்ஸ் பகுதியிலும், முதுகை வளைத்து அளந்து செல்லும் காவடிப் புழு வகைகள் இலையை நரம்பு மட்டும் எஞ்சுமாறு தின்று தீர்க்கின்றன. தின்பது புழு, பறப்பது அதன் தாய். புழுவைத் தேடிப் பிடிப்பது அரிது. ஆனால் தாய்ப்பூச்சி இரவில் ஒளியை நோக்கி வருகிறது. ஆகவே விளக்கையும் அதனடியில் நீர்த்தட்டு அல்லது கூண்டையும் வைத்துப் பிடிக்கும் விளக்குப்பொறி என்னும் முறை தோன்றியது. மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை பொறியை ஏற்றி வைக்கும் வழக்கம், தேயிலைக்கான ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மைப் பரிந்துரைகளிலும் இடம்பெற்றுள்ளது.

இனி, அந்தப் பூச்சி யார் என்று பார்ப்போம். புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை வகைப்படுத்துவது நம் முன்னோர் கண்ட நெறி. கொங்கு நாட்டுச் சீனாபுரத்தைச் சார்ந்தவர் எனக் கருதப்படும் பவணந்தி முனிவர், தம் நன்னூலின் உரியியலில் இவ்வகைப்பாட்டை இலக்கண மாணவருக்கும் கற்பித்தார். அந்நெறிப்படி அந்துப்பூச்சி மெய், நா, மூக்கு, கண் என்னும் நான்கு புலன்களையுடைய நாலறிவு உயிர். மண்ணுக்குள் அறியாது மிதிபடும் ஈரறிவு உயிரைக் காட்டிலும் அதற்குக் கண் என்னும் வரம் கூடுதலாக வாய்த்திருக்கிறது. விளக்குப்பொறி அந்த வரத்தையே தூண்டிலாக்குகிறது.

ஐம்புலன்களுள் ஒவ்வொன்றாலும் ஓர் உயிர் அழிவதை எடுத்துக்காட்டி உபதேசிப்பது நம் மரபு. ஊற்றின்பத்தால் யானையும், சுவையால் மீனும், மணத்தால் வண்டும், ஓசையால் மானும், ஒளியால் விட்டிலும் கெடுகின்றன என்பர். புலனடக்கத்தைப் போதிக்க இது சிறந்த உவமை. ஆனால் உவமை மனிதருக்காகச் சொல்லப்பட்டதேயன்றி விட்டிலின் மீது சுமத்திய குற்றச்சாட்டு அன்று. இந்த வேறுபாட்டை அண்மைய ஆய்வு ஒன்று தெளிவாக்குகிறது.

2024ஆம் ஆண்டு சனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் என்னும் அறிவியல் இதழில் அவ்வாய்வு வெளிவந்தது. விரைவுப் படக்கருவிகளைக் கொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகளின் பறத்தலை ஆய்வாளர்கள் நுணுகிப் பதிவு செய்தனர். பூச்சிகள் விளக்கை நோக்கி நேராகப் பாயவில்லை. தம் முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டே பறந்தன. இதற்குக் காரணம் எளியது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரவில் ஒளி மிகுந்த பக்கம் வானமாகவே இருந்து வந்திருக்கிறது. முதுகை ஒளிப்பக்கம் வைத்தால் தலைகீழாகாமல் பறக்கலாம் என்பது அவற்றின் உடலில் ஊறிய அறிவு. அருகில் ஒரு விளக்கு எரிந்தால் அதுவே வானம் என்று உடல் ஏமாறுகிறது. விளக்குக்கு மேலே சென்றால் உடல் புரண்டு கீழே விழுகிறது. பக்கவாட்டில் சென்றால் வளைந்து வளைந்து சுற்றுகிறது. எல்லாப் பூச்சிகளும் இவ்வாறு சிக்குவதில்லை. அரளி இலையைத் தின்று வளரும் அந்துப்பூச்சி அவ்வாய்வில் விளக்கைப் பொருட்படுத்தாமல் பறந்தது. ஆயினும் பெரும்பாலானவை சிக்கின.

இதன் அறப்பொருள் யாது? விட்டில் ஆசையால் மடிவதில்லை. வானத்தை நம்பி மடிகிறது. பொய்யான வானத்தை அமைத்தவர் யாரோ அவரே அம்மரணத்துக்குக் காரணர். அது தானாக வந்து விழுந்தது, நான் என்ன செய்ய முடியும் என்று விளக்கேற்றியவர் கூறுதல் பொருந்தாது.

அடுத்து, ஒளியின் நிறத்தைக் காண்போம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் பயின்ற முதற்பாடங்களுள் ஒன்று. ஆகவே நமக்குத் தெரிந்த வானவில்லிலிருந்து தொடங்குகிறேன். ஊதா முதல் சிவப்பு வரை, அலைநீளக் கணக்கில் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை நம் கண் காண்கிறது. அந்துப்பூச்சியின் கண்ணுக்கு வானவில் வேறு. ஊதாவுக்கு அப்பால் நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும், அதையடுத்து நீலத்தையும் பச்சையையும் அது நன்கு உணர்கிறது; சிவப்புப் பக்கம் அதன் பார்வை மங்குகிறது. எனவே புற ஊதாவும் நீலமும் கலந்த விளக்கில் பூச்சிகள் திரள்கின்றன. மஞ்சள் விளக்கில் குறைவாகவே வருகின்றன. வெண்ணிற விளக்கும் மஞ்சள் விளக்கும் அருகருகே எரியும் கடைத்தெருவில் மழைக்கால மாலையில் நின்று பார்த்தால் எவரும் இதைக் காணலாம்.

இந்த அறிவை மனிதர் இரு வகையில் பயன்படுத்தியுள்ளனர். சீனத் தேயிலை ஆராய்ச்சியாளர் அழைக்கும் ஒளியைச் செம்மைப்படுத்தினர். பல நிறமும் கலந்த பழைய பொறிகளில், பயிருக்குத் தீங்கு செய்யாதவையும், புழுக்களை உண்டு பயிரைக் காப்பவையும் சேர்ந்தே மடிந்தன. இதைக் குறைக்க 385, 420 நானோமீட்டர் அளவில் குறுகிய நிறத்தை மட்டும் உமிழும் எல்.இ.டி. விளக்குகளைத் தேர்ந்தனர். தேயிலையைத் தின்னும் பூச்சிகள் மிகுதியாகவும், நன்மை செய்யும் பூச்சிகள் குறைவாகவும் விழுமாறு பொறி அமைந்தது.

ஜப்பானியர் மற்றொரு வழியில் சென்றனர். பழங்களைத் துளைத்துச் சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சிகளைத் தடுக்க, 1960களிலிருந்தே பழத்தோட்டங்களில் இரவில் மஞ்சள் விளக்கை ஏற்றத் தொடங்கினர். பின்னர் செவ்வந்தி, கார்னேஷன் போன்ற மலர்ப் பயிர்களுக்கும் அது பரவியது. இரவுப்பூச்சியின் கண் இருளுக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்வது. மஞ்சள் ஒளி பட்டால் அக்கண் பகல்நிலைக்கு மாறுகிறது. இன்னும் பொழுது சாயவில்லை என்பதுபோல் பூச்சி அடங்கி அமர்ந்துவிடுகிறது. பறப்பதும், இணை தேடுவதும், முட்டையிடுவதும் குறைகின்றன. பயிர் தப்புகிறது, விளக்கடியில் பிணக்குவியலும் இல்லை.

ஊதா ஒளி வா என்கிறது. மஞ்சள் ஒளி அங்கேயே இரு என்கிறது. இரண்டும் பயிரைக் காக்கவே ஏற்றப்படுகின்றன. நிறம் ஒன்றே வேறு. ஆயினும் அறத்தில் எத்தனை தொலைவு!

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசாரியர்கள் நான்காகப் பகுத்துள்ளனர். கொல்லவேண்டும் என்னும் எண்ணத்துடன் செய்வது சங்கல்பி. சமையல், துப்புரவு முதலிய வீட்டுச் செயல்களில் நேர்வது ஆரம்பி. உழவு, தொழில் ஆகியவற்றில் நேர்வது உத்யோகி. தாக்க வருவோரிடமிருந்து தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காக்கும்போது நேர்வது விரோதி. முதலாவதை இல்லறத்தாரும் முற்றாக விடவேண்டும். ஏனைய மூன்றையும் இயன்ற அளவு சுருக்கவேண்டும். விளக்குப்பொறி இவற்றுள் எதில் அடங்கும்?

அது தொழிலின் பகுதி என்றும், பயிரைத் தாக்கும் பகையைத் தடுப்பது என்றும் கூறுவர். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஏர்முனையில் புழு மடிவதும், அதன் மரணத்துக்கென்றே ஒரு கருவி அமைப்பதும் ஒன்றல்ல. மேலும் பகை என்று சொல்ல வேண்டுமானால் அந்த உயிர் நம்மைத் தாக்கியிருக்க வேண்டும். வால்பாறை போன்ற நிலத்தில், காட்டோரத்துத் தேயிலையில் வைத்த புற ஊதா விளக்குக்குத் தேயிலையைத் தின்பவை மட்டுமா வரும்? காட்டு மரத்து இலையை உண்டு வாழ்ந்தவையும், மலர்களுக்கு மகரந்தம் சுமந்தவையும், தேயிலை என்பதையே அறியாதவையும் வந்து விழும். வராதவரை வரவழைத்துப் பகைவர் என்று பெயரிட்டுக் கொல்வதை விரோதி இம்சை என்னும் சொல் தாங்காது. தாக்கியவரைத் தடுப்பது காப்பு. அழைத்து வந்து கொல்வது வஞ்சனை.

பயன் என்னும் நோக்கிலும் ஒன்றைக் கருதவேண்டும். பல இனங்களில் பொறியில் விழுவன பெரும்பாலும் ஆண் பூச்சிகளே; பெண் பூச்சிகளிலும் முட்டையிட்டு முடித்தவை உண்டு. அவற்றைக் கொல்வதால் அடுத்த தலைமுறைப் புழுக்கள் நாம் எண்ணும் அளவுக்குக் குறைவதில்லை. பயனில்லாத தீங்கை அனர்த்த தண்டம் என்று கூறி, அதனின்று நீங்குதலைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தனர் நம் பெரியோர். தட்டு நிறைய விழுந்தது என்று மகிழ்வதற்கு முன், கொழுந்து எவ்வளவு தப்பியது என்று கேட்பதே அவ்விரதத்தின் முதற்படி.

இனி எதிர்வாதத்தையும் நேர்மையுடன் கேட்போம். விளக்கைக் குறை கூறினால் தோட்டக்காரர் மருந்து தெளிக்கும் கருவியையே எடுப்பார். நஞ்சு விளக்கினும் கொடிது அல்லவா? ஆம், கொடிது. அது பூச்சியோடு நில்லாமல் நீரிலும் மண்ணிலும் கொழுந்து பறிக்கும் பெண்களின் உடலிலும் சேர்கிறது. இலங்கையில் நடந்தது இதற்குச் சான்று. அங்கே தேயிலை இலையைப் பிணைத்துத் தின்னும் அந்துப்பூச்சி ஒன்றை அடக்க, 1930களில் ஜாவாவிலிருந்து சிறு குளவி ஒன்று கொண்டுவரப்பட்டது, அப்பூச்சி அடங்கியது. பின்னர் 1960களை ஒட்டிய ஆண்டுகளில், தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்னும் நஞ்சைத் தெளித்தனர். நஞ்சு குளவியையும் அழித்தது. அடங்கியிருந்த அந்துப்பூச்சி பெருகிவிட்டது. ஒன்றைக் கொல்லப்போய்க் காவலாளியையும் கொன்ற கதை இது. ஆகவே நஞ்சா விளக்கா என்ற இரண்டே வழி இருக்குமானால், அளவோடு ஏற்றிய விளக்கே குறைந்த தீங்கு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறைந்த தீங்கு என்பது தீங்கின்மை ஆகிவிடாது. தீங்கின்மைக்கு இன்னும் அருகில் மூன்றாவது வழி இருக்கும்போது, அதை முயன்று பாராமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு மனநிறைவு அடைவதே நான் சுட்டும் குறை.

மஞ்சள் ஒளியும் குற்றமற்றது என்று சொல்ல இயலாது. இணையைத் தேடாமலும் முட்டையிடாமலும் ஓர் உயிரை அமர்த்தி வைப்பதும் அதன் வாழ்வில் தலையிடுவதே. இரவு முழுவதும் காட்டோரத்தில் ஒளி பரவினால் மின்மினியும் வௌவாலும் பிறவும் துன்புறும். மின்கம்பியும் செலவும் மலைச்சரிவில் எளியன அல்ல. நீலகிரியின் சிறு தேயிலை விவசாயி இதையெல்லாம் தம் கைப்பொருளால் செய்து பார்க்க முடியாது. ஆராய்ச்சி நிறுவனங்களும் பெருந்தோட்டங்களும் முன்வந்து செய்யவேண்டிய சோதனை அது. வறுமையின் விளிம்பில் நிற்பவரிடம் அகிம்சையின் விலை முழுவதையும் செலுத்தச் சொல்வதும் ஒருவகை இம்சையே.

நிலக்கடலையையும் எண்ணிப் பாருங்கள். மானாவாரி நிலத்தில் முதல் மழை பெய்த சில நாள்களில் செங்கம்பளிப் புழுவின் தாய்ப்பூச்சிகள் மண்ணிலிருந்து ஒருசேர வெளிவருகின்றன. அவ்வேளையில் விளக்குப்பொறி வைப்பதும் தீ மூட்டுவதும் தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அவற்றைப் பரிந்துரைத்துள்ளது. ஆண்டு முழுவதற்கும் அந்த ஒரே விளைச்சலை நம்பிய குடும்பம், வயலில் பூச்சி எழும் அச்சில நாள்களில் மட்டும், வயலுக்குள் மட்டும் விளக்கு வைத்தால் அது காப்புக்கு மிக அண்மையில் நிற்கிறது. காட்டோரத்தில் மாதக்கணக்காக எரியும் பொறி அவ்வாறு அன்று. காலம், இடம், அளவு, தேவை ஆகிய நான்கையும் எடைபோடும் விவேகமே அறத்தின் கண்.

ஒளியும் பூச்சியும் பற்றிய வினா நமக்குப் புதிதன்று. இரவு உண்ணாமை என்னும் நம் குடும்ப ஒழுக்கம் இதே வினாவுக்குக் கூறப்பட்ட பழைய விடை. விளக்கொளியில் சமைத்து உண்டால் ஒளிக்கு வரும் சிற்றுயிர்கள் அடுப்பிலும் உணவிலும் விழுந்து மடியும். அதைக் கண்ட முன்னோர் பூச்சியை ஒழிக்கும் வழியைத் தேடவில்லை. தம் உணவு நேரத்தைப் பகலுக்கு மாற்றிக்கொண்டனர். இரவை அதற்கு உரிய உயிர்களுக்கே விட்டுக்கொடுத்தனர். பிற உயிரின் இயல்பை மாற்றாமல் தம் பழக்கத்தை மாற்றிக்கொள்வதே நம் நெறியின் அடிப்படை என்பேன்.

அதே வால்பாறை மலையில் இந்நெறிக்கு இசைந்த விளக்கு ஒன்றும் இருக்கிறது. மனிதரும் யானையும் இருளில் எதிர்ப்படுவதால் உயிரிழப்பு நேர்ந்துவந்த அவ்வூரில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் யானை நடமாட்டத்தைக் குறுஞ்செய்தியாலும், கைப்பேசி வழியாக இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்கு அறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். 2015ஆம் ஆண்டு விட்லி விருது பெற்ற பணி அது. அந்த விளக்கு யானையை அழைக்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. யானை அருகில் உள்ளது, சற்று ஒதுங்கிச் செல்க என்று மனிதரிடமே பேசுகிறது. ஒளியை இவ்வாறும் பயன்படுத்தலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

தேயிலைத் தோட்டம் இல்லாத நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் சித்தாந்தம். காலையில் தேநீர்க் குவளையை ஏந்தும் கை, கொழுந்து எவ்வாறு காக்கப்பட்டது என்பதில் முற்றும் தொடர்பற்றது அன்று. எனவே தோட்டத்தாரைப் பழிக்கும் உரிமை நமக்கில்லை. உடன் பொறுப்பேற்கும் கடமை உண்டு. நஞ்சைக் குறைத்து விளைவித்தவருக்குச் சற்றுக் கூடுதல் விலை தர இசைவது அதன் ஒரு பகுதி.

மற்றொரு பகுதி நம் வீட்டு வாயிலிலேயே இருக்கிறது. முற்றத்திலும் மாடியிலும் விடியும்வரை எரியும் வெண்ணிற விளக்கு, எவருக்கும் பயனின்றி இரவெல்லாம் உயிர்களை அழைத்துக்கொண்டிருக்கிறது. அதனை மஞ்சள் நிறமாக மாற்றலாம். ஒளி கீழ்நோக்கி மட்டும் விழுமாறு மூடியிடலாம். தேவை முடிந்ததும் அணைக்கலாம். நீல ஒளியால் பூச்சியை ஈர்த்து மின்கம்பியில் பொசுக்கும் கருவியை வீட்டிலும் கடையிலும் வைக்காதிருக்கலாம்; சன்னலுக்கு வலையடித்தால் அதே பயன் கிடைக்கும். பகவான் மகாவீரர் முக்தியடைந்த திருநாளில் நாம் ஏற்றும் தீபங்களுக்குக் கண்ணாடிக் கூடு அமைக்கலாம்.

விளக்கு நமக்கு ஞானத்தின் அடையாளம். ஞானத்தின் அடையாளமாக ஏற்றும் ஒளி ஓர் எளிய நாலறிவு உயிருக்குப் பொய் வானமாகிவிடாமல் காப்பது, அறிவு ஒன்று கூடுதலாகப் பெற்ற நம் பொறுப்பு. இல்லங்களில் மாலை விளக்கேற்றும் வேளையில் பிள்ளைகளிடம் இதை ஒரு வினாவாகக் கேட்டுப் பாருங்கள்: இந்த விளக்கு யாருக்கு வழி காட்டுகிறது, யாருக்கு வழி தவறச் செய்கிறது? விடையை அவர்களே கண்டடையட்டும்.